நாற்பத்து மூன்று அளவுகள்

கட்சுஷிகா, டோக்கியோ
19 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

செர்ரி மொட்டுகள் இன்னும் வாய் திறக்கவில்லை. காலையில் விரல் விறைக்கிறது. நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

இருபத்தேழு வருஷம் கழித்து யாரடா இது என்று திகைக்காதே. உன் தம்பி டெட்சுஜிதான். அம்மா போன அக்டோபரில் காலமாகிவிட்டாள். படுத்துக் கஷ்டப்படாமல் போனாள். அவளுடைய தையல் பெட்டியின் அடித்தட்டில் உன் விலாசமும், நீ 1961இல் அனுப்பிய படமும் இருந்தன. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் ஒளித்தேதான் வைத்திருந்திருக்கிறாள்.

அப்பா செல்லுலாய்டு பொம்மை செய்த அதே பட்டறையில் இப்போது நான் பொம்மைத் துப்பாக்கி செய்கிறேன். சிரிக்காதே, குழந்தைகளுக்கு அல்ல. மீசை வைத்த, சம்பளம் வாங்குகிற ஆண்களுக்கு. பழைய ராணுவத் துப்பாக்கிகளை அச்சு அசலாகச் செய்து உள்ளே ஸ்பிரிங் வைக்கிறோம். இழுத்துச் சுட்டால் பட்டாணி அளவு பிளாஸ்டிக் உருண்டை பாயும். இந்த வருஷம் நம் ராணுவத்தின் தொண்ணூற்றொன்பதாம் ரகத்தைச் செய்யப் போகிறேன். இதுவரை யாரும் அதைச் சரியாகச் செய்ததில்லை. காரணம், இந்த நாட்டில் அதை அளந்து பார்க்கவே வழியில்லை. நிஜத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் போலீஸ் வாசலில் நிற்கும். பழைய ராணுவக் கையேட்டில் மொத்த நீளமும் குழல் நீளமும்தான் இருக்கின்றன.

உன் படத்தில், கணப்புக்கு மேலே சுவரில் ஒன்று தொங்குகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதேதான், சந்தேகமில்லை. இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் இத்துடன் உள்ள மூன்று தாள்களில் குறித்திருக்கும் நாற்பத்து மூன்று இடங்களை அளந்து அனுப்புவாயா? வெர்னியர் அளவுகோலும் கொஞ்சம் நோரிக் கடற்பாசியும் தனிப் பார்சலில் வருகின்றன. அக்டோபரில் கண்காட்சி. அதில் துப்பாக்கி எடுபட்டால்தான் மொத்த வியாபாரி ஆர்டர் கொடுப்பார். பட்டறையில் என்னோடு இருக்கும் இரண்டு பேரும் இதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

நீ எப்படி இருக்கிறாய்? பையன் ரஸ்ஸல் ஆளாகியிருப்பான். படத்தில் இருந்த நாய் இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி டெட்சுஜி

•

யாக்கிமா, வாஷிங்டன் மாநிலம்
14 ஏப்ரல் 1986

அன்புள்ள டெட்சுஜிக்கு,

இங்கே ஆப்பிள் தோட்டங்களில் பூ விட ஆரம்பித்திருக்கிறது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் உன் மனைவியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அவள் பெயரைக்கூட நீ எழுதவில்லையே!

கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவுக்கு ஊதுபத்தி ஏற்றி ஒரு கிண்ணம் சோறு வைத்தேன். அம்மாவுக்கு நீ ஒதுக்கியது சில வரிகள், துப்பாக்கிக்கு மூன்று தாள். குறை சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ரஸ்ஸல் சியாட்டிலில் பள்ளிக்கூட வாத்தியார். நாய் 1970இல் செத்துப்போயிற்று. அந்தப் படத்தில் என்னையும் ரஸ்ஸலையும் நாயையும் துப்பாக்கியையும் பார்த்திருக்கிறாய். இன்னொருவரும் அதில் இருக்கிறார், துப்பாக்கிக்கு நேர் கீழே. அமெரிக்காக்காரன் பெயர் நம் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது என்று அப்பா சொன்னார். உனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

துப்பாக்கி இருக்கிறது. நான் இதுவரை அதைத் தொட்டதே இல்லை. பக்கத்து வீட்டு டோலோரெஸ் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி இறக்கினேன்.

"என்ன ஃபுசாயே, இந்த வயசுல கொள்ளையடிக்கக் கிளம்பிட்டியா?" என்றாள்.

"அளக்கப் போறேன்."

"ஓ, அதுக்குச் சட்டை தைக்கப் போறியாக்கும்!"

உண்மையில் அப்படித்தான் இருந்தது. இங்கே வந்த நாளிலிருந்து ஊராருக்குத் தைத்துக்கொண்டிருக்கிறேன். இதையும் தோள், கை, கழுத்து என்றுதான் மனதில் வைத்துக்கொண்டு அளந்தேன். முதல் இருபது அளவுகள் இத்துடன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மனுஷனை மனுஷன் சுட்டு விளையாடுவதா இது? உனக்கு ஏழு வயதில் சைரன் ஊதினால் என் பாவாடைக்குள் தலையை விட்டுக்கொள்வாயே!

இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.
அக்கா ஃபுசாயே

•

கட்சுஷிகா
6 மே 1986

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைகள் பண்டிகை முடிந்து தெருவில் மீன் கொடிகளை இறக்கி மடித்துவிட்டார்கள். இனி வெயில்தான். இங்கே எல்லோரும் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் தாள் வந்த அன்று வேலையை நிறுத்திவிட்டு நாலு மணிக்கே பீர் உடைத்தோம். எந்த இஞ்சினியர் அளந்தது என்று என் ஆட்கள் கேட்டார்கள். தையல்காரி என்றேன். நம்பவில்லை. இந்த அளவுகள் ஜப்பானில் வேறு எவனிடமும் கிடையாது அக்கா!

விளையாட்டைக் கேட்டாயே. ஞாயிற்றுக்கிழமைகளில் சிபா பக்கத்துக் காட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டுக்கொள்வார்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். உருண்டை பட்டால் குளவி கொட்டியதில் பாதி வலிக்கும். இதில் நடுவர் கிடையாது. பட்டவன் தானே கையைத் தூக்கி "பட்டுது!" என்று கத்திவிட்டு வெளியே போக வேண்டும். உனக்குப் பட்டது என்று வேறு யாரும் அவனிடம் சொல்லக் கூடாது, அது அவனைப் பொய்யன் என்று சொல்வதற்குச் சமம். பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதில்லை.

என் மனைவி பெயர் மிட்சுயோ. ஒருநாள் சோற்று உருண்டை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். பார்த்துவிட்டு, "செத்தவங்கல்லாம் எழுந்து வந்து வரிசையில நின்னு சாப்பாடு வாங்குற சண்டை இது ஒண்ணுதான். எல்லாச் சண்டையும் இப்படி இருந்திருந்தா எங்கப்பா பொழச்சிருப்பாரு" என்றாள். அவள் அப்பா சைபான் தீவுச் சண்டையில் போனவர்.

மீதி இருபத்து மூன்று அளவுகளையும் சீக்கிரம் அனுப்பு. கூட இரண்டு விஷயம். குழலின் பின்பக்க இரும்பில் பேரரசரின் செவ்வந்திப் பூ முத்திரை முழுசாக இருக்கிறதா, அரத்தால் தேய்த்திருக்கிறதா? தோளில் வைக்கும் அடிக்கட்டையில் ஒரு ஒட்டுக் கோடு தெரிகிறதா? அந்தக் காலத்தில் மரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு துண்டாக ஒட்டித்தான் செய்தார்கள்.

சூட்டில் அலையாதே.
டெட்சுஜி

•

யாக்கிமா
2 ஜூன் 1986

அன்புள்ள டெட்சுஜிக்கு,

ஆப்பிள் கோலி அளவு காய்த்துவிட்டது. ஒத்தடத்துக்கு முழங்கால் கொஞ்சம் மசிகிறது. மிட்சுயோவுக்கு என் அன்பைச் சொல். அவள் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது.

மீதி அளவுகள் இத்துடன். நாற்பத்து மூன்றும் முடிந்தது. பூ முழுசாக இருக்கிறது. பதினாறு இதழ், இரண்டு முறை எண்ணினேன். அடிக்கட்டையில் நீ சொன்ன ஒட்டுக் கோடும் இருக்கிறது, தையல் போட்ட மாதிரி நேராக.

இன்னொரு கோடும் இருக்கிறது. கட்டையையும் குழலையும் சேர்த்துப் பிடிக்கிற நடு இரும்புப் பட்டை இருக்கிறதல்லவா, அதன் ஓரத்தில். கண்ணுக்குத் தெரியாது, நகத்தை ஓட்டினால் இடறுகிறது. துணியில் இப்படி இடறினால் அங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது என்ன? கேட்டுச் சொல்ல இப்போது வீட்டில் ஆள் இல்லை.

அளந்து முடித்ததும் திரும்ப மாட்டவில்லை. எண்ணெய்த் துணி போட்டுத் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். மேசையில் இடம் நிறைய இருக்கிறது.

நேரம் கிடைக்கும்போது எழுது. எல்லாவற்றையும் பற்றி எழுது.
அக்கா

•

கட்சுஷிகா
20 ஜூன் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காலம் பிடித்துக்கொண்டது; பட்டறையில் சுவரெல்லாம் வேர்க்கிறது. நாங்கள் நலம், நீயும் நலமாக இரு. அவசரத்தில் எழுதுகிறேன்.

உன் அளவுகளைக் கையேட்டோடு ஒத்துப் பார்த்தேன். மொத்த நீளம் அச்சாகச் சரி. அந்தக் கோட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அதுவும் நான் சொன்ன ஒட்டுக் கோடுதான், மரத்தை மிச்சம் பிடித்தது. துப்பாக்கி அசல் என்பதற்கு அதுவே அத்தாட்சி. எனக்குச் சந்தோஷம்தான்.

கட்டைக்குப் பிளாஸ்டிக் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அசல் வால்நட் மரம். முந்நூறு கட்டைகள் கடைசல் ஆகிக்கொண்டிருக்கின்றன. கண்காட்சி அக்டோபர் 12.

மறக்காமல் சாப்பிடு.
டெட்சுஜி

•

யாக்கிமா
28 ஆகஸ்ட் 1986

அன்புள்ள டெட்சுஜிக்கு,

ஆப்பிள் பறிக்க ஆள் வந்துவிட்டார்கள். ஊரெல்லாம் லாரிச் சத்தம். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

பதில் எழுத நாளாகிவிட்டது. ரஸ்ஸல் லீவுக்கு வந்திருந்தான். வீட்டிலிருந்த டிரக்கை விற்றோம். எனக்கு அதை ஓட்டத் தெரியாது. ஓபோன் பண்டிகைக்கு, புதிதாகப் போனவர்களுக்கு வைக்கிற வெள்ளை விளக்கு நானே காகிதத்தில் செய்து தாழ்வாரத்தில் தொங்கவிட்டேன். இரண்டு விளக்கு. டோலோரெஸ் கல்யாண வீடு போல இருக்கிறது என்றாள். அவளுக்கு நம் வழக்கம் எப்படித் தெரியும்?

அந்தக் கோடு விஷயம். அடிக்கட்டை ஒட்டிலிருந்து அது இரண்டு சாணுக்கு மேல் தள்ளி இருக்கிறது. இரண்டும் ஒரே ஒட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவன் நீ.

மிட்சுயோவுக்கும் அம்மா படத்துக்கும் என் வணக்கம்.
அக்கா

•

கட்சுஷிகா
15 அக்டோபர் 1986

அக்காவுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. உடம்பு நலமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கண்காட்சி முடிந்தது. நான் தலைகுனிந்து வந்து மூன்று நாளாகிறது. துப்பாக்கிப் பத்திரிகையில் எழுதுகிற குசுமோட்டோ என்று ஒரு மனிதர். என் மேசைக்கு வந்து துப்பாக்கியை எடுத்தார். முதலில் புகழ்ந்தார். பிறகு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "முன்னாடி குழல் கொஞ்சம் அதிகமா நீட்டிக்கிட்டு நிக்குதே" என்றார். வெளிநாட்டு மியூசியத்தில் அசலின் முனையைத் தானே அளந்து வைத்திருப்பவராம்; பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். மூன்று மில்லிமீட்டர். குழல் சரி, கட்டைதான் குட்டை. கட்டையைத் தாண்டிக் குழல்தான் கடைசி முனை. அதனால்தான் மொத்த நீளம் சரியாக வந்திருக்கிறது, நானும் ஏமாந்திருக்கிறேன்.

"எங்க அளந்தீங்க?" என்றார். அமெரிக்காவில் என் அக்கா வீட்டில் என்றேன். சிரித்துவிட்டார்.

"அப்படிச் சொல்லுங்க. சண்டை முடிஞ்சதும் அமெரிக்கச் சிப்பாயிங்க ஆளுக்கு ஒண்ணு ஊருக்குத் தூக்கிட்டுப் போனாங்க. கித்தான் பைக்குள்ள அடங்காது. பட்டைக்குக் கீழ கட்டைய ரம்பத்தால அறுத்து, ரெண்டு துண்டாக்கி உள்ள தள்ளுவாங்க. வீட்டுக்குப் போய் ஒட்டிப் பட்டைய மேல ஏத்திட்டா யாருக்கும் தெரியாது. ரம்பம் தின்ன மூணு மில்லிமீட்டர் மட்டும் திரும்பி வராது. நீங்க முந்நூறு பேருக்கு அந்த ரம்பத்த வித்திருப்பீங்க!"

மொத்த வியாபாரி பக்கத்தில்தான் நின்றார். சுற்றி நின்ற கூட்டமே சிரித்தது. வருஷக் கடைசிக்குள் சரியான கட்டை வராவிட்டால் ஆர்டர் இல்லை என்று சொல்லிவிட்டார். முந்நூறு வால்நட் கட்டைகளும் பட்டறையில் அடுக்கிக் கிடக்கின்றன.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அறுத்தது யார்? உன் வீட்டில் இருக்கும் அந்த மனிதர்தானே! ஆறு மாதமாக நீ மேசையில் வைத்து அளக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? வாயில் என்ன கொழுக்கட்டையா? இல்லை, தன்னை வேண்டாம் என்று சொன்ன குடும்பம் நன்றாக அவமானப்படட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாரா?

டெட்சுஜி

•

யாக்கிமா
3 நவம்பர் 1986

அன்புள்ள டெட்சுஜிக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. நான் நலம். உன் கடிதத்தைப் படித்த பிறகும் நலம்தான், அதனால் பயப்படாதே.

முதலில் உன் வேலை. டோலோரெஸும் நானும் பட்டையைத் தட்டிக் கழற்றினோம். வெட்டு இருக்கிறது. ரஸ்ஸலுக்குப் போன் செய்தேன். "அப்பா எனக்குச் சொல்லியிருக்காரும்மா. லூசான் தீவுல, சரணடைஞ்ச துப்பாக்கியெல்லாம் குவிச்சு வெச்சிருந்தாங்களாம். எல்லாரும் எடுத்தாங்க, நானும் எடுத்தேன், பை சின்னது, அறுத்தேன், அப்படின்னார்" என்றான். வீட்டுக்கு வந்து கராஜில் தன் மேசையில் இரண்டு முகத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டினாராம். ஆகவே பதினேழாவது அளவில், கட்டையின் நீளத்தில், மூன்று மில்லிமீட்டர் கூட்டிக்கொள்.

இனி நீ கேட்டதற்குப் பதில். அவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிறாய். லெஸ்டர் பிப்ரவரி 9ஆம் தேதி இறந்துவிட்டார். நெஞ்சு வலி என்றார், உட்கார்ந்தார், முடிந்தது. அறுபத்தொரு வயது. இங்கே யாரும் நம்மைப் போல நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் பார்ப்பதில்லை. நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மார்ச் 29. அன்று மத்தியானம் தபால்காரர் உன் கடிதத்தைக் கொண்டுவந்தார். டோக்கியோ முத்திரை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், என் தம்பி இருபத்தேழு வருஷக் கோபத்தை விட்டுவிட்டுத் துக்கம் விசாரிக்க எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து பிரித்தேன். உள்ளே நாற்பத்து மூன்று அளவுகள்.

அன்று அழுதேன். அவருக்காகவா, அம்மாவுக்காகவா, உனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறகு ஏணியைப் போட்டேன். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

நானே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் நீ "வருத்தம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் பட்டையின் அகலம் கேட்டிருப்பாய். நீயாகக் கேட்டு, நான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம். உனக்கும் எனக்கும் ஒரே அப்பாதானே! ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பதற்கு இடம் விட்டேன். இரண்டு விளக்கு என்று எழுதினேன். அரை மில்லிமீட்டர் பார்க்கிற நீ இரண்டு வரை எண்ணவில்லை.

உன் அத்தான் என்று எழுதினால் உனக்குக் கோபம் வருமோ என்றுதான் அவர் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மிட்சுயோவைக் கேட்டதாகச் சொல். குளிர் கால உள்ளாடை போட்டுக்கொள்.
அக்கா

•

கட்சுஷிகா
2 டிசம்பர் 1986

அன்புள்ள அண்ணிக்கு,

பார்க்காமலே அண்ணி என்று எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். நான் மிட்சுயோ. குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதோ என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

இவர் எழுதமாட்டேன் என்று இல்லை. எழுதி எழுதிக் கிழிக்கிறார். கிழித்த தாளில் பட்டறை அடுப்பு நன்றாக எரிகிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார். ஆட்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னாச்சுங்க?" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காட்டில் செய்வது போல வலது கையை மேலே தூக்கினார். "பட்டுது" என்றார். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. பிறகு வெளியே போய்விட்டார். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவரைச் சாயந்திரம் நான்தான் போய்க் கூட்டி வந்தேன்.

நானும் கேட்டிருக்க வேண்டும் அண்ணி. நீங்கள் இரண்டு விளக்கு என்று எழுதியதை நான் படிக்கவில்லை, படித்திருந்தால் எண்ணியிருப்பேன். அண்ணனுக்காக எங்கள் வீட்டிலும் ஊதுபத்தி ஏற்றியிருக்கிறோம். அம்மா படத்துக்குப் பக்கத்தில் வைக்க அவர் படம் இல்லை. அந்த 1961 படத்தையே வைத்திருக்கிறோம், நாய் உட்பட.

உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மிட்சுயோ

•

கட்சுஷிகா
24 டிசம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

வருஷக் கடைசிச் சுத்தம் செய்கிற நேரம், தும்மல் ஓயவில்லை. மற்றபடி சுகம். உன்னைச் சுகமா என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். சுகமா அக்கா?

மன்னித்துவிடு. இதற்கு மேல் நீட்டினால் இதையும் கிழித்துவிடுவேன்.

கட்டைகளுக்கு வழி கிடைத்துவிட்டது. புதிதாகச் செய்ய நாளும் இல்லை, மரமும் இல்லை. முந்நூறையும் பட்டை வருகிற இடத்தில் அறுத்தோம். மூன்று மில்லிமீட்டர் குறையோடு ரம்பம் தின்கிறதையும் சேர்த்து, அந்தக் கனத்துக்கு வால்நட் வில்லை சீவி, நடுவில் வைத்து ஒட்டி, பட்டையை ஏற்றினோம். முதல் கட்டையை அறுக்க எனக்குக் கை வரவில்லை. பிறகு அத்தான் எங்கே ரம்பம் வைத்திருப்பார் என்று யோசித்தேன். உன் நகம் இடறிய மாதிரியே பட்டையின் ஓரத்தை ஒட்டி, ஆனால் வெட்டு மறைகிற அளவுக்கு உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகு சிரமமில்லை. மொத்த வியாபாரி வந்து பார்த்துச் சரி என்றுவிட்டார். கூட வந்த குசுமோட்டோவுக்கும் வெட்டு இருக்கிற இடம் தெரியவில்லை. நானே பட்டையைக் கழற்றிக் காட்டினேன். "இதை ஏன்யா காட்டுறீங்க? மூடி வெச்சா முடிஞ்சுது" என்றார். என் அத்தான் வேலை, அதனால் காட்டுகிறேன் என்றேன். வசந்தத்தில் விற்பனைக்கு வருகிறது.

படத்தைத் திரும்பப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இந்த முறை துப்பாக்கிக்குக் கீழே. நேரில் அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், முகம்கூட ஞாபகமில்லை. இடது கையில் ரஸ்ஸல், வலது கையில் நாயின் கழுத்துப் பட்டை. சட்டை நீ தைத்தது. தோள் தையலில் அம்மா கை தெரிகிறது.

பிப்ரவரி 9 முதலாண்டு. மிட்சுயோவும் நானும் வருகிறோம். விமானச் சீட்டு எடுத்தாயிற்று. முதல் துப்பாக்கியை அத்தானுக்குக் கொண்டுவருகிறேன். பெட்டியில் அடங்கவில்லை. அதனால் அந்த ஒன்றை மட்டும் அறுத்து, ஒட்டாமல், குழலைத் தனியே கழற்றி மூலைக்கு மூலை வைத்திருக்கிறேன். அவர் மேசையில் வைத்து அங்கேயே ஒட்டிக்கொள்கிறேன்.

அவரைப் பற்றி எழுது அக்கா. எதை வேண்டுமானாலும் எழுது. இந்த முறை தாள் எதுவும் அனுப்பவில்லை.

உன் தம்பி
டெட்சுஜி

•

யாக்கிமா
8 ஜனவரி 1987

அன்புள்ள டெட்சுஜிக்கு,

வருஷம் பிறந்துவிட்டது. துக்க வீட்டில் புத்தாண்டு வாழ்த்துக் கிடையாது, அதனால் வாழ்த்தை அடுத்த வருஷம் சொல்கிறேன். ஆனால் நன்றாக இருக்கிறேன். கடிதம் வந்த அன்று இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன்.

நீ தாள் அனுப்பாததால் நானே நம்பர் போட வேண்டியிருக்கிறது. நீ விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். டேப் எதுவும் எடுக்கவில்லை. எல்லாம் கையில் இருக்கிறது.

44. உயரம், 185 சென்டிமீட்டர். நம் வீட்டு நிலையில் நெற்றி இடிக்கும்.

45. கழுத்து, 41. மேல் பட்டன் போட்டதே இல்லை, அதனால் இந்த அளவு எனக்கு மட்டும்தான் தெரியும்.

46. தோள், 49.

47. வலது கை 65, இடது கை 64. ஆப்பிள் ஏணியிலிருந்து விழுந்து முறிந்தது. கூடியபோது ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. எல்லாச் சட்டையிலும் இடது கையை நான் குறைத்துத் தைத்தேன். யாருக்கும் தெரியாது.

48. இடுப்பு, கல்யாணத்தன்று 81. கடைசியில் 97. அந்தப் பதினாறும் என் சமையல்.

49. ஷூ, 29 சென்டிமீட்டர். என்னைப் பெண் கேட்க அவர் வந்த அன்று நம் வாசலில் கழற்றி வைத்தார். பக்கத்தில் மற்ற செருப்பெல்லாம் குழந்தைகளுடையவை போல இருந்தன. அப்பா இரண்டையும் தூக்கித் தெருச் சாக்கடையில் எறிந்தார். அவர் வெறும் காலுறையோடு தெருவில் நின்றார். நீ ஓடிப் போய் எடுத்து, உன் சட்டையால் துடைத்து, அவர் காலடியில் ஜோடியாகத் திருப்பி வைத்தாய். நீ மறந்திருப்பாய். உனக்கு அன்று அப்பாவிடம் அறை விழுந்தது, அதுகூட மறந்திருக்கும்.

அவர் மறக்கவில்லை. இருபத்தேழு வருஷமும், ஜப்பான் முத்திரை போட்ட தபால் எது வந்தாலும் கேட்பார்: "ஷூ துடைச்சுக் கொடுத்தானே, அந்தப் பையன் எழுதினானா?" பிப்ரவரி மாதமும் கேட்டார். எப்போதும் நான் சொன்ன பதில், இல்லை, இன்னும் இல்லை.

இப்போது எழுதிவிட்டாய். அதை அவரிடம் நான் போய்ச் சொல்லவில்லை, நீ வந்து சொல்.

கனத்த கோட்டு எடுத்து வாருங்கள், இங்கே பனி முழங்கால் வரை. பசை வாங்கி வராதே. அவர் மேசையில் பாதி டப்பா இருக்கிறது.

அக்கா